நான் எழுதிய குதிக்கும் பிணம்

பாக்கெட் நாவல் என்று பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்களே, அவற்றில் பதினான்கு நான் எழுதியவை. பதின்மூன்றைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. நான்காவதாக வந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில், நெற்றியில் மஞ்சள் காகிதம் ஒட்டிய ஒரு சீனப் பெண்ணின் பிணம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கும். புனைபெயரில் வந்தது. அதைப் படித்தவர்களில் மூன்று பேருக்குத்தான் எழுதியது நான் என்று தெரிந்திருந்தது. பதிப்பாளர், என் மனைவி, மூன்றாவதாக என்னிடம் கணக்குப் படித்த ஒரு பெண். முதல் இருவரும் இப்போது இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஆறு வருஷம் நான்கு மாதம். குடும்பம் கள்ளக்குறிச்சியில். சனிக்கிழமை மலையிலிருந்து இறங்குவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவேன். மற்ற நாட்களில் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அந்த அறையில் ஜன்னல் கம்பி ஒன்பது, கூரை ஓடு ஒரு வரிசைக்கு முப்பத்திரண்டு. எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எண்ணி முடித்தபின் சரியாக எண்ணினோமா என்று கவலை வரும், மறுபடி எண்ணுவேன். மலையில் எண்ணுவதற்கு நேரம் இருந்தது, எழுதுவதற்கும் இருந்தது.

பதிப்பாளர் அந்த வருஷம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு திகில் வரிசை தொடங்கினார். கதாநாயகிக்குப் பதினாறு வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, நம்மூர் மோகினியும் முனியும் படித்துப் படித்து அலுத்துவிட்டன, வேறு தேசத்துப் பேய் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். கள்ளக்குறிச்சியில் பழைய பேப்பர் கடை ஒன்றில் முதல் பதினாறு பக்கம் இல்லாத ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடைக்கு வாங்கி வைத்திருந்தேன். சீனாவில் பல வருஷம் இருந்த ஒரு பாதிரியார் அங்குள்ள பேய், பிசாசு நம்பிக்கைகளைப் பற்றி எழுதியது. அதில் குதிக்கும் பிணம் என்று ஒரு அத்தியாயம் இருந்தது.

ஊரை விட்டு வெகுதூரத்தில் செத்தவனின் உடம்பு விறைத்துப் போயிருக்கும். முழங்கால் மடங்காது. அதனால் நடக்க முடியாமல் குதித்துக் குதித்துத்தான் வரும். மூச்சுக் காற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். நெற்றியில் மந்திரக் காகிதம் ஒட்டியிருக்கும் வரை அடங்கி வரும், காகிதம் விழுந்தால் போச்சு. பீச் பழ மரத்தின் கட்டைக்கும் சேவல் கூவுவதற்கும் பயப்படும். அது உள்ளே வந்துவிடாமல் இருக்கத்தான் பழைய வீடுகளில் வாசற்படியை முழங்கால் உயரத்துக்குக் கட்டினார்களாம். வழியில் அரிசியை இறைத்தால் நின்று ஒவ்வொன்றாக எண்ணுமாம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பிணத்தின் மேல் கொஞ்சம் பிரியமே வந்தது.

அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி. பிழைக்கப் போன இடத்தில் செத்துப்போகும் ஏழைகளைச் சொந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்று மலைப்பாதையில் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள், மூங்கில் வளைந்து நிமிர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பிணம் குதிப்பதாகச் சொல்லியிருக்கலாம் என்று பாதிரியார் எழுதியிருந்தார். அதையும் படித்தேன். கதைக்கு உதவாது என்று விட்டுவிட்டேன்.

நாற்பது பக்கம் எழுதினேன். பனி மூடிய ஒரு மலை, அதன் மேல் நாற்பத்தொன்பது அறை கொண்ட பாழ் மாளிகை, முன்னோர்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக வைத்த இருட்டுக் கூடம், அதில் தன் அம்மாவின் உடம்பு வந்து சேரக் காத்திருக்கும் பதினாறு வயதுப் பெண். எல்லாம் இருந்தது, பிணம் மட்டும் அசையவில்லை. குதித்தது என்று எழுதினால் தவளை மாதிரி இருந்தது. இரண்டு மாதம் கதை அங்கேயே நின்றது.

ஆடி மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. வகுப்பில் முப்பத்தொரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள், அந்த ஒன்பதில் கணக்கில் முதலாவதாக வருகிறவள் அவள். அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கு வந்த முதல் ஆளும் அவள்தான். வகுப்பு ஆசிரியர் என்று என்னைத்தான் அவளோடு அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜீப் ஒன்று கிடைத்தது. அது போகும் வரை போயிற்று. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து அவர்கள் ஊருக்குக் கால் பாதைதான், பதினொரு கிலோமீட்டர். அங்கே ஒரு பச்சை மூங்கிலை வெட்டி, புடவையாலும் இரண்டு துண்டுகளாலும் உடம்பை அதில் கட்டினார்கள். தூக்கியது நான்கு பேர். அவள் அப்பா, தாய்மாமன், ஊர்க்காரர்கள் இருவர். பின்னால் அவளும் நானும். நான் திரும்பிப் போயிருக்கலாம். பிள்ளைக்குத் துணையாக வருகிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. எவ்வளவு தூரம் வரை உண்மையாக இருந்தது என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முதல் மேட்டைத் தாண்டவில்லை.

மேட்டில் ஏறும்போது மூங்கில் வளைந்து நிமிர்ந்தது. அதோடு கால்கள் இரண்டும் சேர்ந்து எழும்பித் தாழ்ந்தன. தவளை மாதிரி இல்லை. ஒரு எழும்புதல், பிறகு அரை நொடி நிற்றல், பிறகு தாழ்தல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. துக்கத்தால் இல்லை. கிடைத்துவிட்டது என்று தோன்றியது. அதன்பிறகு நான் எண்ண ஆரம்பித்தேன். நூறு அடிக்கு எத்தனை தடவை எழும்புகிறது, எத்தனை அடிக்கு ஒருமுறை தோள் மாற்றுகிறார்கள் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டே நடந்தேன்.

தாய்மாமன் கேலிக்காரர். தோள் மாற்றும்போது, "யக்கா, உசுரோட இருக்கச்சொல்ல ஒரு படி சாமை கூட எங்கள தூக்க வுட மாட்ட. இப்ப பாரு, சொகுசா வர" என்றார். மற்றவர்கள் லேசாகச் சிரித்தார்கள். அவரே பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு இடம் வரும்போதும் அம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். புளியமரம் வந்துவிட்டது, கரட்டைச் சுற்றுகிறோம், கடுக்காய் மரம் தெரிகிறது என்று. சொல்லாவிட்டால் செத்தவர்களுக்கு வழி தெரியாமல் பாதியில் நின்றுவிடுவார்களாம். அது மலைக்கே உள்ள வழக்கமா, அந்தக் குடும்பத்து வழக்கமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும்.

ஓடை வந்தது. ஏழு கல் போட்டிருந்தார்கள் தாண்டுவதற்கு. தூக்குகிறவர்கள் தண்ணீரிலேயே இறங்கிப் போனார்கள். அவள் கரையில் நின்று, சத்தம் போடாமல், பக்கத்தில் நடக்கிற ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"யம்மா, மூணாங்கல்லு ஆடும். பாத்து வா."

அடக்கம் முடிந்து, இரவு அங்கேயே இருந்து, மறுநாள் காலை நான் திரும்பினேன். அன்று பிற்பகலே எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது நாளில் நாவல் முடிந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். மூங்கில், அரை நொடி நிற்றல், துண்டின் முடிச்சு. மகள் வழி சொல்வதையும் எடுத்தேன். ஆனால் கதையில் அது மந்திரம். மகள் பாசத்தில் வழி சொல்லச் சொல்ல, பிணத்துக்கு உயிர் வந்து, நெற்றிக் காகிதம் நனைந்து விழுந்து, அவளைத் துரத்துகிறது. "அம்மா, மூன்றாம் கல் ஆடும், பார்த்து வா" என்பது ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசி வரி. இடத்தைச் சீனாவாக்கி, உடையைப் பட்டாக்கி, ஓடையை நதியாக்கினேன். அந்தக் கல்லின் எண்ணை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. எழுதும்போது அதைவிடச் சரியான எண் இருப்பதாகப் படவில்லை. கடைசி அத்தியாயத்தில் மகளே கணவாயில் நின்று பீச் மரக் கட்டையால் அம்மாவைக் கொளுத்திவிடுகிறாள். மாளிகையின் வாசற்படிக்கு இருபது அடி இருக்கையில்.

தீபாவளிக்குப் புத்தகம் வந்தது. உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் ஒரு பையன் நின்றுகொண்டே அதைப் படிப்பதைப் பார்த்தேன். அவன் பஸ் கிளம்பியும் ஏறவில்லை. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

லீவு முடிந்து பிள்ளைகள் மலைக்குத் திரும்பியபோது புத்தகமும் கூடவே வந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிற்று. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. சாப்பாட்டு வரிசையில் கை நீட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒரு பையன் நெற்றியில் காகிதத்தை ஒட்டிக்கொண்டு என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு அவளுடைய ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், இது அவள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவள் குழாயடிக்குப் போனால் பின்னால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிக்கிற சத்தம். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின் வரிசையிலிருந்து மெதுவாக, "யம்மா, மூணாங்கல்லு ஆடும், பாத்து வா."

ஒன்பது நாள் இது நடந்தது. நான் ஒன்பது நாளும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

பத்தாவது நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். இந்தக் குப்பையை யார் உள்ளே கொண்டுவந்தது என்று விசாரித்து ஒழித்துக்கட்டச் சொன்னார். பள்ளியில் கண்டிப்பான வாத்தியார் நான்தானே. பெட்டிகளைத் திறந்து பார்த்து ஏழு பிரதி எடுத்தேன். பதினொரு பிள்ளைகளை ஒரு பீரியடு முழுக்க, நாற்பது நிமிஷம், வெயிலில் முட்டி போட வைத்தேன். அதில் வாயாடி ஒருவன், "எழுதனவர வுட்டுட்டு படிச்சவங்கள முட்டி போட வெக்கறீங்களே சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு பிரதியையும் சமையல் அடுப்பில் போட்டேன்.

அன்று மாலை அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் நின்றாள்.

"சார், அன்னிக்கி ஓடை தாண்டனது ஆறு பேரு."

நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

"எங்கப்பாவுக்கும் மாமனுக்கும் எழுதத் தெரியாது. தூக்கனவங்க மத்த ரெண்டு பேரும் கைநாட்டு. நான் எழுதல. மீதி எவ்ளோ சார்?"

நிறையப் பதில்கள் யோசித்தேன். கடைசியில், சீனாவில் இப்படி வழக்கம் உண்டு, ஒரு பழைய புத்தகத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றை எடுத்துப் பொய்க்குப் பயன்படுத்துவது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"அங்கயும் மூணாவது கல்லு தான் ஆடுமா சார்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். அதற்கு மறுநாளும். பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஏற்கெனவே அம்மாவின் காரியத்துக்காக இருபத்தாறு நாள் வரவில்லை. பதிவேடு என்னிடம்தான் இருந்தது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட நாளுக்குக் கீழே போனால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினொரு கிலோமீட்டரையும் நடந்தேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தோள் துண்டை எடுத்து, உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். துணைக்கு வந்த வாத்தியார் என்று என்னைப் பற்றி அந்த ஊரில் நல்ல பேர் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வழியெல்லாம் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். நான் கதை எழுதுவேன், உங்கள் வீட்டம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஒரு பேய்க்கதையில் எழுதிவிட்டேன், அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் உங்கள் பெண்ணைக் கேலி செய்தார்கள், தப்பு என்னுடையது.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் புளியந்தோடுகளைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அந்தக் கதையில அவ வூடு வந்து சேந்துட்டாளா வாத்தியாரே?"

அவள் கதவருகே முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் புத்தகத்தைப் படித்தவள். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"சேந்துட்டாங்க" என்றேன்.

"அப்ப செரி" என்றார் அவர். "வூடு வந்துட்டா இன்னாத்துக்கு வருத்தம்."

அவள் முறத்தோடு உள்ளே போனாள். நான் கிளம்பும்போது ஓடை வரை கூட வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வா, இனி யாரும் கேலி செய்ய மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கேலிக்குப் பயந்துதான் அவள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க கத்தறது எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க போர்டுல எழுதனா அதப் பாக்க முடியல. அப்பாகிட்ட சொன்ன பொய்யி நல்ல பொய்யி தான். ஆனா நீங்க அங்க இருக்கச்சொல்ல நான் வர மாட்டேன். நீங்க போங்க, நான் வரேன். பரிச்ச எழுதணும் எனக்கு."

இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. செய்வதும் சுலபமாகத்தான் இருந்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை, மாற்றுப் பணியாக ஒருவரை அனுப்ப வேண்டும், விருப்பம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு தாள் தலைமையாசிரியர் மேசையில் இரண்டு வாரமாகக் கிடந்தது. மலையை விட்டு இறங்க யாருக்குத்தான் கசக்கும், ஆனால் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான் ஒருவன்தான். ஒரு கையெழுத்து. நாலு நாளில் உத்தரவு வந்துவிடும்.

நான் அன்றைக்கே கையெழுத்துப் போடவில்லை. அவள் அப்பா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வூடு வந்து சேந்துட்டாளா. சேர்ந்துவிட்டாள் என்று சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. இரண்டாம் பாகம் ஒன்று எழுதி, கணவாயில் எரிந்தது பொய்த்தோற்றம் என்று ஆக்கி, அந்தத் தாயை மாளிகை வாசற்படி தாண்ட வைத்து, முன்னோர்களின் கூடத்தில் படுக்க வைத்துவிட வேண்டும். அதை முடித்துவிட்டுப் போகலாம். திருக்கோவிலூரில் தனி அறை கிடைக்காது, இரைச்சல், எழுத வராது. மலையின் அமைதியில்தான் அது வரும். பிராயச்சித்தம் செய்துகொண்டிருப்பதாக நிஜமாகவே நம்பினேன். எழுதும்போது அழுதேன் கூட. காலையில் எழுந்து வகுப்புக்குப் போய், பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு, மாலையில் வந்து அவள் அம்மாவை இன்னும் கொஞ்ச தூரம் வீட்டுப் பக்கம் நகர்த்துவேன். பத்து நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பள்ளி நாட்கள் மட்டும் இருபத்துமூன்று ஆயிற்று.

முடித்த மறுநாள் கையெழுத்துப் போட்டேன். தை மாதம் திருக்கோவிலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் பாகத்தைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பிணம் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தால் அதில் திகில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

மலைப் பள்ளியில் என் இடத்துக்கு வந்த வாத்தியார் பங்குனியில் ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினார். மதிப்பெண் பதிவேட்டில் ஏதோ விளக்கம் கேட்டிருந்தார். அதன் கடைசியில் அவளைப் பற்றி நான்கு வரி. நான் போன அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டாளாம். கணக்கில் படு கெட்டிக்காரி, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். வருகை நாள் கணக்குப் பார்த்ததில் குறைவாக இருந்ததால் தேர்வுக்கு அனுப்ப முடியவில்லையாம். அதை முன்பே சொல்லிவிட்டார்களாம். சொன்ன பிறகும் கடைசி நாள் வரை தவறாமல் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, போர்டில் எழுதியதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனாளாம்.

அவளுக்கு வருகையில் குறைந்துபோனது பதினான்கு நாள் என்று எழுதியிருந்தார்.

மதிப்பெண் பதிவேட்டுக்கான விளக்கத்தை அன்றே எழுதித் தபாலில் சேர்த்தேன். அவளைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வருஷம் தனியாக எழுதினாளா, யாராவது எழுத விட்டார்களா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இன்லண்ட் லெட்டரில் இடம் இருந்தது.